குண்டு விழுந்த ஊர்க்காரரையும் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

'போர் என்று வந்தபின் சட்டம் எதற்கு?' என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் பாளையங்கோட்டைத் தேநீர்க் கடையிலும் தினமும் இதே பேச்சுதான். தொலைக்காட்சியில் குண்டு விழுவதைப் பார்த்து, 'இன்னும் நாலு போடட்டும்' என்கிறார்கள். தெருவில் பட்டாசு வெடித்தால் காதைப் பொத்திக்கொள்பவர்களும் இவர்கள்தான்.

நான் ராணுவ மருத்துவப் பிரிவில் வேலை பார்த்தவன். 1999 கார்கில் போரில், பாகிஸ்தான் ஏற்க மறுத்த அதன் வீரர்கள் பலரின் உடல்களை நம் படையினர் இஸ்லாமிய முறைப்படி அடக்கம் செய்தார்கள். எதிரியின் உடலையும் இயன்றவரை அவனுடைய மத வழக்கப்படி அடக்க வேண்டும் என்கிறது, போரிலும் மீறக்கூடாத விதிகளைச் சொல்லும் 1949 ஜெனீவா ஒப்பந்தம். குழி வெட்டியவர்கள் தங்கள் தோழர்களைப் பறிகொடுத்து நின்றவர்கள்.

எங்கள் வீட்டுப் பூச்சு வேலைக்கு இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து ஒரு கொத்தனார் வந்தார். 1995 ஜூலை 9 அன்று, யாழ்ப்பாணத்து நவாலி தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது இலங்கை விமானப்படை குண்டு போட்டபோது பக்கத்து ஊரில் சிறுவனாக இருந்தவர். "இவ்வளவுக்குப் பிறகும் சட்டத்தை நம்புகிறீர்களா?" என்று கேட்டேன். கரண்டியை நிறுத்தாமலே சொன்னார்: "அதுவும் இல்லையென்றால் நடந்தது குற்றம் என்று எதை வைத்துச் சொல்வது, அண்ணாச்சி?" இத்தனை ஆண்டுகளில் அந்த 'அண்ணாச்சி'யும் அவர் வாயில் ஒட்டிக்கொண்டது.

அவருடைய அண்ணன் அப்படியில்லை; பழிக்குப் பழி என்பார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் கொத்தனார் தனி ஆள் அல்ல. சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு 2016-இல் 16 நாடுகளில் 17,000-க்கும் மேற்பட்டோரிடம் கருத்துக் கேட்டது. பொதுமக்கள் பலர் சாவார்கள் என்று தெரிந்தே ஊருக்குள் இருக்கும் எதிரியைத் தாக்குவது தவறு என்றவர்கள், போர் பாதித்த நாடுகளில் 78 விழுக்காடு. ஐ.நா. பாதுகாப்பு அவையின் ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளிலும் சுவிட்சர்லாந்திலும் சேர்த்து 50 விழுக்காடுதான்.

ஜெனீவா ஒப்பந்தங்களுக்காக நம் நாடாளுமன்றம் 1960-லேயே தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது. கடையில் கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. அதைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் அரைப் பக்கம் எழுதுங்கள். கொத்தனாருக்கு ஒரு பிரதி வாங்குவேன். தேநீர்க் கடைக்கு நான்கு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ராணுவ வீரர்,
பாளையங்கோட்டை