பசியாறியாச்சு, அப்பா

சுங்கைப்பட்டாணி, மலேசியா
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து 15 நாளாகிறது. "இருக்கிறாயா என்று ஒரு வரியாவது போடு" என்று எழுதியிருந்தீர்கள். இருக்கிறேன். போனில் என்றால் அம்மா அழுகிறாள், நானும் எதையாவது உளறிவிடுவேன். அதனால்தான் கடிதம்.

குளிர் இல்லை, கம்பளி வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். வெயிலும் மழையும்தான். சுற்றிலும் முன்பு ரப்பர் தோட்டங்கள், இப்போது பெரும்பாலும் செம்பனை, எண்ணெய் எடுக்கும் பனை. காலையில் ஒரு ரொட்டி சானாய், நம்மூர் பரோட்டா மாதிரி. கேட்டால் குழம்பு இன்னொரு கரண்டி ஊற்றுகிறார்கள். ஒன்றே போதும், மத்தியானம் வரை தாங்கும்.

பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் சீவுவதை விட்டு 20 வருஷமாகிறது. இன்னும் நாலு மணிக்கே எழுந்து, பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகிறவர் மாதிரி தலையில் துணி கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். வெட்டுக்கத்தி சாமி மாடத்தில், முருகன் படத்துக்குப் பக்கத்தில். என்னைப் பார்த்ததும் "பசியாறியாச்சா?" ஆச்சு என்றாலும் தட்டு வந்துவிடும்.

அவரைப் பேட்டி எடுத்துத்தான் இந்த செமஸ்டர் கட்டுரை எழுதினேன். பிறந்த வருஷம் கேட்டால், "எங்கப்பா சயாமுக்கு ரயில் போடப் போன வருஷம்" என்றார். சயாம் என்றால் இப்போதைய தாய்லாந்து. ஜப்பான்காரன் அந்தப் பாதையைப் போட்டது 1942, 43இல். அடையாள அட்டையிலோ 1945. விரிவுரையாளர் சிவப்பு மையில் "இரண்டில் எது?" என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். திரும்பப் பாட்டியிடம் போய்க் கேட்டேன். "அவரு வந்திருந்தா அவரையே கேட்டிருக்கலாம்" என்றார். அப்படியென்றால் அட்டைதான் தப்பு. மேற்கொண்டு கேட்க எனக்கு வாய் வரவில்லை.

படித்து எந்தப் பேப்பரில் சேரப்போகிறாய் என்று சித்தப்பா கேட்டாராமே. இங்கே 1924இல் தொடங்கிய தமிழ் நேசனே 2019இல் நின்றுபோனது. அதை அவரிடம் சொல்ல வேண்டாம்.

பணம் அனுப்ப அவசரமில்லை. அடுத்த மாதக் கடைசி வரை பொறுப்பதாகக் கல்லூரி ஆபீஸில் சொன்னார்கள், எல்லோருக்கும் அப்படித்தான். விடுமுறைக்கு வராதது டிக்கெட்டுக்காக இல்லை. விடுமுறையில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்க எங்களுக்கு அனுமதி உண்டு, கல்லாவில் மட்டும் உட்காரக் கூடாது. ஓட்டலில் மேசை துடைத்தால் நாலு பேர் பேச்சு காதில் விழும், செய்திக்கு நல்லதுதானே.

நேற்று மழையில் யாரோ கருவாடு சுட்டார்கள். சைக்கிளை நிறுத்திவிட்டு நனைந்துகொண்டே நின்றேன். அம்மா அடுப்படியில் சாக்குப் போட்டு உட்கார்ந்திருப்பாளே, அப்படியே.

சரி. கிணற்றடி நிலத்தை எனக்காக ஒத்திக்கு விடாதீர்கள். மச்சான் அவசரப்படுத்தினாலும் பத்திரம் அம்மா பெட்டியிலேயே இருக்கட்டும். அக்கா வளைகாப்புக்கு நான் இல்லை என்று அவள் கோபப்பட்டால், வளையலுக்கு என் பங்கு உண்டு என்று சொல்லுங்கள், அனுப்புகிறேன். அப்புறம், செவலை கன்று போட்டது என்று எழுதினீர்கள். என்றைக்கு? காளையா, கிடாரியா? எங்கள் விரிவுரையாளர் பார்த்திருந்தால் உங்கள் கடிதத்தையும் திருப்பியிருப்பார்.

உங்கள்
சின்னவன்