35-வது கிலோமீட்டர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுகிறேன். போன வாரம் காலேஜ் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டே போன் பண்ணி, "மாமா, சொந்த ஊர்னு என்ன போடறது?" என்று கேட்டாய். ஆரணி என்று உன் அம்மா சொன்னாளாம், போர்ட் பிளேர் என்று உன் தாத்தா சொன்னாராம். நான் ஏதோ அவசரத்தில் அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை அது. எங்களைப் போன்ற குடும்பங்களின் கதை தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியாது என்பதால் இங்கேயே எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என் தாத்தா, உனக்குக் கொள்ளுத்தாத்தா, ஆரணிப் பக்கத்தில் பிறந்தவர். வடாற்காட்டில் பட்டாளத்துக்கு ஆள் போகாத ஊரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அவரும் மீசை சரியாக முளைக்கும் முன்பே பெங்களூருக்குப் போய் மெட்ராஸ் சேப்பர்ஸில் சேர்ந்தார். சேப்பர்ஸ் என்றால் துப்பாக்கியோடு மண்வெட்டியும் தூக்குகிற படை. முன்னால் போகிறவனுக்குப் பாலம் போட வேண்டும், பாதை வெட்ட வேண்டும், கண்ணிவெடியைத் தோண்டி எடுக்க வேண்டும். அந்தப் படையில் சிப்பாயைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள், இந்திக்கார அதிகாரிகூட அப்படித்தான். எழுபது வயதிலும் யாராவது தம்பி என்றால் தாத்தா திரும்பிப் பார்ப்பார். 1962-ல் வடகிழக்கு மலையில் இருந்தார், 1965-ல் பஞ்சாபில் இருந்தார். போரைப் பற்றி எங்களிடம் அதிகம் பேசியதில்லை. குளிரில் விரல் மரத்துப்போய் முடிச்சுப் போட முடியாமல் தவித்ததை மட்டும் சொல்வார்.

1965 போருக்குப் பிறகு அந்தமான் நிக்கோபாரின் தென்கோடித் தீவுகளைப் பற்றி அரசாங்கத்துக்குக் கவலை வந்தது. கிரேட் நிக்கோபாரின் தெற்கு முனையிலிருந்து சுமத்ரா 200 கிலோமீட்டர்கூட இல்லை. சென்னையோ 1,000 கிலோமீட்டருக்கும் அப்பால். அங்கே நம் ஆட்கள் இருக்க வேண்டும், அதுவும் ராணுவத்தில் இருந்தவர்களாக இருந்தால் நல்லது என்று முடிவெடுத்தார்கள். 1969-லிருந்து 1980 வரை 330 குடும்பங்களுக்கு மேல் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். பஞ்சாபிகள், மராட்டியர்கள், மலையாளிகள், தெலுங்கர்கள், நம்மவர்கள். எழுபதுகளின் ஆரம்பத்தில் போன கப்பல் ஒன்றில் தாத்தாவும் அவர் மனைவி, என் ஆயாவும், கைக்குழந்தையாக என் அத்தையும், கூடவே சிறுவனாக என் அப்பா, அதாவது உன் தாத்தாவும் இருந்தார்கள். நம் ஊரில் தாத்தாவின் பங்குக்கு வந்தது தண்ணீர் இல்லாத முக்கால் காணி. நிலம் தருகிறேன் என்றால் கடலைத் தாண்டமாட்டாரா?

ஆள் இல்லாத தீவு என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். நீ அப்படி எழுதிவிடாதே. காட்டுக்குள் ஷோம்பென் மக்கள் இருந்தார்கள், கடற்கரையோரம் நிக்கோபாரிகள் இருந்தார்கள், நம்முடைய எந்த ராஜாவுக்கும் முன்னால் இருந்து. எப்போதாவது ஷோம்பென்கள் இரண்டு மூன்று பேர் ரோட்டோரம் வந்து நிற்பார்கள், கையில் தேன் இருக்கும், அரிசி வாங்கிக்கொண்டு போவார்கள் என்று ஆயா சொல்லும். "நாம அவங்க கொல்லையில வந்து உக்காந்துட்டோம், அதான் அவங்க வந்து பாத்துட்டுப் போறாங்க" என்று தாத்தா சொல்வாராம். குடிசை போடவே தெரியாமல் நின்றபோது உதவியது ஒரு நிக்கோபாரிக் குடும்பம். இதை நம் வீட்டில் எல்லாரும் சொல்வதில்லை. நான் சொல்லி வைக்கிறேன்.

கிரேட் நிக்கோபாரின் கேம்பல் பே துறையில் இறங்கினால், கிலோமீட்டர் கணக்கு தொடங்குகிற ஜீரோ பாயிண்ட். அங்கிருந்து கிழக்குக் கரையை ஒட்டியே தெற்கு முனைக்கு ஒரு ரோடு, 51 கிலோமீட்டர். ஜோகிந்தர் நகர், விஜய் நகர், லட்சுமி நகர், கோவிந்த் நகர், காந்தி நகர், சாஸ்திரி நகர் என்று பெயர்கள் வைத்திருந்தாலும் பேச்சில் எல்லாம் கிலோமீட்டர்தான். "அவன் இருபதுல இருக்கான்", "நாங்க முப்பத்தஞ்சு." கடைசிக் குடியிருப்பு சாஸ்திரி நகர், நம் வீடு. அதற்குமேல் கலத்தியா ஆறு, ஆமைகள் முட்டையிட வரும் கடற்கரை, முனையில் கலங்கரை விளக்கம். 1972-ல் கட்டியது. அப்போது அந்த இடத்துக்குப் பிக்மேலியன் முனை என்று பெயர், இந்திரா முனை என்பது பிறகு வந்தது.

கொடுத்த நிலத்தில் பெரிய மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். வேர்க்கட்டைகள் அப்படியே கிடந்தன. ஒரு கட்டையைப் பிடுங்க ஒரு வாரம். தாத்தா முதலில் சுற்றிலும் குழி வெட்டுவார், பக்க வேர்களை ஒவ்வொன்றாக நறுக்குவார், அப்புறம் கடப்பாரையை அடியில் கொடுத்து, ஆயாவைக் கடப்பாரை நுனியில் உட்காரச் சொல்வார். ஆயா உட்கார்ந்தும் அசையவில்லை என்றால் மறுபடி குழி. சேப்பர்ஸில் கற்ற வித்தை எல்லாம் கட்டை பிடுங்கத்தான் உதவியது என்று ஆயா சொல்லும்போது தாத்தா பெருமையாகத் தலையாட்டுவார். நெல் போட்டால் காட்டுப்பன்றி, தென்னை வைத்தால் குரங்கு இளங்காயைத் திருகிப் போடும். வருஷத்தில் பாதிக்கு மேல் மழை. மலேரியா வராத வீடு இல்லை. கப்பல் வராத மாதத்தில் உப்புக்குக்கூட அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மாவிடம்தான் நிற்க வேண்டும். ஆரணியைத் தாண்டாத ஆயா இந்தி பேசக் கற்றது அப்படித்தான். கொப்பரை விற்று இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். நானும் உன் அம்மாவும் பள்ளிக்கூடம் போனதும் அந்தத் தேங்காய்க் காசில்தான்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நான் சென்னையில் வேலையில் இருந்தேன், அப்பா அம்மா போர்ட் பிளேரில். தாத்தாவும் ஆயாவும் மட்டும் 35-ல். காலை ஆறரைக்கு நிலம் ஆடியபோது தாத்தா வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தாராம். நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்தவர், ஆட்டம் நின்றதும் கடலைப் பார்த்தார். "மேட்டுக்குப் போ" என்றார். ஆயா மாட்டை அவிழ்க்கப் போயிருக்கிறது. முடிச்சு இறுகிக்கொண்டது. தாத்தா அரிவாளை எடுத்து இரண்டு தும்பையும் அறுத்துவிட்டு, ஆயா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேடேறினார். திரும்பிப் பார்த்தபோது வீடு இல்லை. இளநீரைக் குடித்துக்கொண்டு மேட்டிலேயே கிடந்தார்கள். எங்களுக்குத் தகவல் வரும்வரை உன் பாட்டி சோறு தொடவில்லை.

தண்ணீர் வடிந்திருந்தால் தாத்தா மறுபடி குழி வெட்டியிருப்பார், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தண்ணீர் வடியவில்லை. தெற்கு முனையில் நிலமே 4 மீட்டருக்கு மேல் இறங்கிவிட்டது. தரையில் நின்ற கலங்கரை விளக்கம் இன்று கடலில் நிற்கிறது. அடுத்த வருஷம் நான் போனபோது நம் தென்னைகள் கடலுக்குள் வரிசையாக நின்றன, தலை இல்லாமல். வரிசை கொஞ்சமும் கோணவில்லை, கயிறு பிடித்து நட்டவை. தாத்தா கேம்பல் பேயில் தகரக் கொட்டகையில் இருந்தார். பட்டா காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். "இதுல பாதி கடலுக்குள்ள இருக்கு, மீதி இருக்கு" என்று விரலால் காட்டினார். நிக்கோபாரிகளையும் அவர்கள் ஊர்களிலிருந்து கொண்டுவந்து பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். அவர்களும் திரும்பிப் போகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சில வருஷத்தில் தாத்தா போய்விட்டார். அடுத்த மழைக்குள் ஆயாவும்.

இப்போது கலத்தியாவில் பெரிய துறைமுகம், காந்தி நகர், சாஸ்திரி நகர் பக்கம் விமான நிலையம் என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். மிச்சம் இருந்த பாதியும் அதில் அடங்கும். காட்டை நினைத்தும் ஷோம்பென்களை நினைத்தும் எனக்குத் தூக்கம் வராத இரவுகள் உண்டு. நாடு கூப்பிட்டது என்று போன 330 குடும்பங்களிடமும் முதலில் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். நான் படிக்கக் கிளம்பியபோது தாத்தா தன் பட்டாளத்து டிரங்குப் பெட்டியைக் கொடுத்து அனுப்பினார். அதனால்தான் அது தப்பியது. மூடியில் வெள்ளை பெயின்ட்டில் அவர் நம்பர், பெயர், கீழே ஆரணி விலாசம். அந்த விலாசத்தின் மேல் அவரே ஒரு கோடு இழுத்து, அதே பெயின்ட்டில் '35 கி.மீ., சாஸ்திரி நகர், கேம்பல் பே' என்று எழுதியிருக்கிறார். அதைத்தான் நீயும் எழுது. ஆபீஸில் யாராவது கேட்டால் என் நம்பரைக் கொடு, நான் பேசிக்கொள்கிறேன்.

பொங்கலுக்கு வரும்போது பெட்டியை எடுத்துக்கொண்டு போ. வலது பக்கத் தாழ்ப்பாள் கொஞ்சம் இறுகியிருக்கிறது, தேங்காய் எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். எழுத்து மங்கியிருக்கிறதே என்று மேலே புதுசாக பெயின்ட் மட்டும் அடித்துவிடாதே.

அன்புடன்,
மாமா