மயில்கழுத்து நிறமும் தகரக் கூரையும்

அன்பு மகளுக்கு,

நம் வீட்டுக்கு நிறம் பார்க்க நீ அனுப்பிய வீட்டுப் படங்களைத் தம்பி போனில் பெரிதாக்கிக் காட்டினான். அம்மா முதலில், "என்னங்க இது, மாரியம்மன் கோயில் மதில் மாதிரி இருக்கே" என்றாள். அப்புறம் அவளே இரண்டாவது படத்தை மறுபடி வாங்கிப் பார்த்துவிட்டு, இது தன் மயில்கழுத்துச் சேலை நிறம் என்று சொல்லிவிட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நீ கேட்ட டர்க்கொய்ஸ் நிறத்தையே சுவருக்கு அடிக்கலாம். என் வழக்கெல்லாம் நீ ஆசைப்படுகிற வெள்ளைக் கூரையோடுதான்.

அந்தப் படங்களில் இருப்பவை எல்லாம் கடலோர வீடுகள். சில வீடுகள் அமெரிக்காவில் ஃப்ளோரிடாப் பக்கம் கீ வெஸ்ட் என்ற ஊரைச் சேர்ந்தவை என்று தம்பி தேடிச் சொன்னான். 1886-இல் அந்த ஊரில் பெருந்தீ பிடித்து பாதி ஊர் எரிந்ததாம். அதற்குப் பிறகு மரப்பலகைக் கூரையை விட்டுத் தகட்டுக் கூரைக்கு மாறினார்களாம். அங்கே தீக்குப் பயந்து போட்டது, இங்கே மழைக்குப் போடுகிறோம். வெயில் கொளுத்துகிற ஊரில் வெள்ளைக் கூரை சூட்டைத் திருப்பி அனுப்பும். நீ இருக்கிற கத்தாருக்கும் அது சரி. இலங்கை மலைநாட்டில் நம் பக்கத்தில் மே மாதம் மழை இறங்கினால் செப்டெம்பர் வரைக்கும் வெயிலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். குளிருக்குக் கம்பளி போர்த்துகிறவர்களுக்குச் சூட்டை விரட்டும் கூரை எதற்கு? அத்தோடு மேட்டில் நிற்கிற சவுக்கு மரம் வருடம் முழுக்கச் சருகு கொட்டுகிறது, அம்மாவின் விறகடுப்புப் புகை வேறு. ஒரு மழைக்காலம் போதும், வெள்ளை பாசி பிடித்துப் பழுப்பாகிவிடும்.

சரி, வெள்ளை இல்லையென்றால் வேறு என்ன? ஹட்டனில் ஹார்ட்வெயார் கடையில் வண்ணத் தகரச் சீட் துண்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பச்சை போட்டால் கூரை பின்னால் இருக்கிற தேயிலை மலையோடு ஒட்டிப்போய், வீடு தலை இல்லாமல் நிற்கும். நீலம் இன்னும் மோசம். சுவர் நிறத்துக்குப் பக்கத்திலேயே இருந்தும் பொருந்தாது, சுவரை அழுக்காகக் காட்டும். செங்கல் சிவப்பு பனிமூட்டத்தில் அழகுதான். நுவரெலியா தபால் நிலையத்தை நீயே எத்தனை தடவை படம் எடுத்திருக்கிறாய். ஆனால் அங்கே சுவரும் செங்கல். சிவப்புக்குக் கீழே டர்க்கொய்ஸ் வந்தால் இரண்டும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு சத்தம் போடும். என் தெரிவு கருஞ்சாம்பல். நனைந்தாலும் காய்ந்தாலும் ஒரே மாதிரி இருக்கும், சருகுக் கறை தெரியாது, அதன் கீழே உன் நிறம் தானாக எடுப்பாகத் தெரியும். காசு இடித்தால் நிறமில்லாத வெள்ளி நிறச் சீட்டே போதும். தேயிலை பெக்டரிக் கூரை மாதிரி இருக்கும் என்று மாப்பிள்ளை சிரிப்பார். அந்தக் கூரைக்குக் கீழே வேலை பார்த்தவன் நான், எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

சீட் விஷயத்தில் நிறத்தை விடப் பூச்சுத்தான் முக்கியம். இப்போது வருவது பழைய மாதிரி துத்தநாகத்தில் முக்கியெடுத்த தகரம் இல்லை. இரும்புத் தகட்டின் மேல் துத்தநாகமும் அலுமினியமும் கலந்த பூச்சு, அதில் அலுமினியம் மட்டும் 55 வீதம். அதற்கு மேலேதான் பெயின்ட். மெலிந்த சீட் விலை குறைவு, ஆனால் மேலே ஆள் ஏறினால் நசுங்கும். 0.47 மில்லிமீட்டருக்குக் குறைந்து வாங்கவேண்டாம் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். கூரை வேலைக்கு மேஸ்திரி பாஸ் வந்ததும் கிரைண்டரை எடுத்து வெட்டப் பார்ப்பார். அந்தத் தீப்பொறி பட்ட இடமெல்லாம் பூச்சு கருகிவிடும். பறந்து விழுகிற இரும்புத் தூள் அங்கேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த மழையில் சிவப்புப் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். தகரக் கத்தரியால்தான் வெட்டவேண்டும், வெட்டிய தூளை அன்று மாலையே கூட்டித் தள்ளவேண்டும். ஸ்குரூவைச் சீட்டின் மேட்டில் அடிப்பது தண்ணீர் பள்ளத்தில் ஓடுவதால்தான். இறப்பர் வாஷர் லேசாக அமுங்கினால் போதும், பிதுங்கும்வரை முறுக்கினால் வெடித்து ஒழுகும். தம்பி டிவி டிஷ்ஷைச் செப்புக் கம்பியால் இழுத்துக் கட்டுவேன் என்கிறான். செம்பில் பட்டு ஒழுகுகிற தண்ணீர் இந்தப் பூச்சைத் தின்றுவிடும் என்று அவனுக்கு நீயும் ஒரு வார்த்தை சொல்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், தகரம் எம்மாத்திரம். கீழே லயத்து வரிசை வீடுகளில் இன்னும் கூரை மேல் கல்லும் பழைய டயரும் ஏற்றி வைத்திருப்பதை நீ பார்த்திருக்கிறாய். நம் வீட்டில் அந்தக் கோலம் வேண்டாம். ஓரங்களில் ஸ்குரூவை நெருக்கமாக அடித்து, கூரை மரத்தைச் சுவரோடு இரும்புப் பட்டியால் பிணைத்தால் போதும். உள்ளே பனிக்காலத்தில் சீட்டின் அடியில் வியர்த்துச் சொட்டும், அதற்குப் பளபளப்புத் தாளை விரித்துச் சீலிங் அடித்துவிடுவோம். மழைச் சத்தமும் பாதி குறையும். பின்பக்கத்துப் பழைய அஸ்பெஸ்டஸ் சீட்டை மட்டும் யாரும் சுத்தியலால் உடைக்கக் கூடாது. நனைத்து, முழுசாகக் கழற்றி இறக்கவேண்டும், அந்தத் தூசு நெஞ்சுக்கு ஆகாது.

இப்போது உன் சுவருக்கு வருகிறேன். நான் பிறந்த லயத்தில் சுவர் நிறம் என்பது தோட்டத்து வேலை. முழு வரிசைக்கும் ஒரே சுண்ணாம்பு, அடியில் முழ உயரத்துக்குத் தார். யாருடைய அறை, யாருடைய காம்பரா என்று வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. உன் தாத்தா பொங்கலுக்கு முந்தின நாள் சுண்ணாம்பில் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து, உள்சுவருக்கு மட்டும் அடிப்பார். வெளியே அடித்தால் கேள்வி வரும். நம் ஏழு பேர்ச்சஸ் காணியில் இப்போது யாரும் கேட்கப்போவதில்லை. அதனால்தான் நீ மங்கலான சாம்பல் வெள்ளை எதையும் கேட்காமல் இந்த நிறத்தைக் கேட்டது எனக்குச் சந்தோசம். பக்கத்து வீட்டுக்காரர் ஊதாவும் மஞ்சளும் அடித்திருக்கிறார். அது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அடித்தது சரிதான் என்பேன்.

நிறத்தில் ஒரே ஒரு திருத்தம். படத்தில் இருப்பது பச்சை கூடின வெளிர் டர்க்கொய்ஸ். சுற்றிலும் தேயிலைப் பச்சை இருக்கும்போது அது பச்சையோடு பச்சையாகப் போய்விடும், பனிமூட்டம் வந்தால் வெளுத்துக் காணாமலே போகும். நீலம் கொஞ்சம் கூடினதாக, ஒரு படி அழுத்தமாக எடுப்போம். சின்ன டின் ஒன்று வாங்கி, முன் சுவரில் ஒரு சதுரமும் பள்ளத்துப் பக்கச் சுவரில் ஒரு சதுரமும் அடித்து வைக்கிறேன். காலையிலும் மூட்டத்திலும் மாலையிலும் தம்பி படம் எடுத்து அனுப்புவான், பார்த்துச் சொல். இந்த நிறத்துக்குப் போடுகிற சாயம் செம்பு சேர்ந்தது, வெயிலில் சீக்கிரம் வெளுக்காது. ஆனால் புதுச் சுவரில் சிமெந்து உப்புப் பூத்தால் அழுத்தமான நிறத்தில் வெள்ளைத் திட்டாக அப்படியே தெரியும். புதிதாகச் சேர்த்த முன் காம்பராவின் பூச்சு 28 நாளாவது காயவேண்டும். அதனால் தைப்பொங்கல் கழிந்துதான் பெயின்ட். தை, மாசியில் நம் பக்கம் மழை குறைவு. மிஷினில் கலக்குகிற நிறம் என்பதால் முழு வீட்டுக்கும் ஒரே தடவையில் வாங்கிவிடுவோம். பிறகு போய் வாங்கினால் ஒரு சுவருக்கும் அடுத்த சுவருக்கும் நிறம் ஒத்துவராது.

நான்கு சுவருக்கும் டர்க்கொய்ஸ் வேண்டாம். பின் சுவர் மண்மேட்டுக்கு முகம் கொடுத்து நிற்கிறது, வெயில் படாது, எந்தப் பெயின்ட் அடித்தாலும் பாசிதான். அதற்குச் சாம்பல் போதும். முன்பக்கத்திலும் தரையிலிருந்து இரண்டடிக்குக் கூரையின் அதே கருஞ்சாம்பல் பட்டி. மழை அடித்தால் நம் செம்மண் தெறித்து ஏறுகிற உயரம் அதுதான். கூரையின் ஓரத்தைச் சுவரைத் தாண்டி இரண்டரை அடி இறக்கினால் சாரலும் குறையும், சுவருக்கு மேலே நிழல்கோடு விழுந்து நிறம் இன்னும் நன்றாகத் தெரியும்.

கூரையோரப் பலகையும் மழைத்தண்ணீர் பிடிக்கிற பீலியும் கருஞ்சாம்பலாகவே இருக்கட்டும். வெள்ளைப் பிளாஸ்டிக் பீலியை மாட்டினால் ஒழுகின கறைதான் முதலில் கண்ணில் படும். பீலியிலிருந்து கீழே இறங்கும் குழாய்க்குச் சுவர் நிறத்தையே அடித்தால் அது இருப்பதே தெரியாது. வெள்ளை வேண்டும் என்றாயே, ஜன்னல் சட்டத்துக்கு வைத்துக்கொள். கதவு டர்பன்டைன் மரம், அதற்கு வார்னிஷ் மட்டும் போடுவோம். அந்தச் செம்பழுப்பு இந்த நீலத்துக்குப் பக்கத்தில் நன்றாக நிற்கும். முன் திண்ணைக்கு, இஸ்தோப்பில், அம்மா சிவப்புச் சிமெந்துதான் வேண்டும் என்கிறாள். டைல்ஸ் என்று நீ சொன்னாலும் அவள் கேட்கமாட்டாள். நானும் அவள் பக்கம்தான்.

பீலித் தண்ணீர் எங்கே போகிறது என்பதை நீ கேட்கவே இல்லை. வீடு 550 சதுர அடி, கிட்டத்தட்ட 51 சதுர மீட்டர். ஒரு நாளில் 100 மில்லிமீட்டர் பெய்தால் கூரையிலிருந்து மட்டும் ஐயாயிரம் லீட்டருக்கு மேல் இறங்கும். 2014 அக்டோபரில் மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போனது மலையே இறங்கிய கதை, பீலித் தண்ணீரால் வந்தது இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு வீட்டுக்குப் பின்னால் மண்ணில் தண்ணீர் விட எனக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் குழாய் வழியாக ஒரு டாங்கிக்கும், மிச்சத்தைச் சிமெந்து வடிகால் கானுக்கும் விடுகிறோம். பெயின்ட்டில் ஒரு கை குறைந்தாலும் கானில் குறைக்கமாட்டேன்.

பூச்செடிக்கு அம்மாவிடம் கொஞ்சம் பேசு. முன்னால் ஹைட்ரேஞ்சியா வைப்பேன் என்கிறாள். நம் தேயிலை மண் புளிப்பு மண், அதில் அது நீலமாகத்தான் பூக்கும். நீலச் சுவருக்கு முன்னால் நீலப் பூ இருந்து என்ன பிரயோசனம்? அதை வாசற்படிக்கு எதிரே வேலியோரம் வைக்கட்டும். சுவருக்குக் கீழே சிவப்பு ஜெரேனியமும் செம்மஞ்சள் டேலியாவும் போதும். கிழங்கு தருவதாகப் பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருக்கிறார்.

கூரை நிறத்தை மட்டும் இந்தக் கிழமைக்குள் முடிவாகச் சொல். நம் அளவுக்கு வெட்டின சீட்டுக்குக் கடையில் முன்கூட்டியே ஓடர் கொடுக்கவேண்டும், முற்பணமும் கேட்கிறார்கள். மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல். பெயின்ட்டுக்குக் காசு இப்போதே அனுப்பவேண்டாம், தம்பி கையில் இருந்தால் போன் வாங்கிவிடுவான்.

இப்படிக்கு,
அப்பா