சக்கரத்த வித்துறாத மாப்ள

மாப்ள,

ஊருக்கு வந்து நாலு நாளாச்சு, இன்னும் ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு தட்டிருது, கொழிஞ்சாம்பாறையே தூங்குது நான் மட்டும் திண்ணையில உக்காந்து இத எழுதறேன். நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜ பிளைட் எறங்கின உடனே கேட்டேன். உங்கய்யன் பானை வனைஞ்ச சக்கரத்த எவனோ ரிசார்ட்காரன் கேக்கறான், ரிசப்ஷன் செவுத்துல மாட்டப் போறானாமா, ஆறாயிரம் தரேங்கறான்னு சொன்னியே. குடுத்தறாத. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் சுத்தி வளைச்சுத்தான் வரும், பொறுத்துக்க.

என்ற பொண்ணு இருக்கறது இங்கிலாந்துல லெஸ்டர்ல. எங்க திரும்பினாலும் குஜராத்திக, கடையில டோக்ளாவும் மஞ்சத்தூளும் நம்ம ஊர விட நல்லா கெடைக்குது. ஒரு நாள் விடாத மழை, வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடந்தா மாமாவுக்கு பைத்தியம் புடிச்சிரும்னு மருமகன் நியூ வாக் மியூசியத்துக்கு கூட்டிட்டுப் போனாரு, அங்க பிக்காசோ இருக்குன்னு. மூக்கு ஒரு பக்கம் கண்ணு ஒரு பக்கம் போட்ட படம்தான்னு நெனச்சுட்டுப் போறேன், உள்ள போனா கண்ணாடிப் பொட்டிக்குள்ள பூராவும் அவரு பண்ணுன தட்டு, கூஜா, சட்டி! உன்ற ஞாபகம் வராம எப்படி இருக்கும்?

இதையெல்லாம் சேத்தது யாருன்னு நெனைக்கற, காந்தி படம் எடுத்த அட்டன்பரோ. நாம பாலக்காட்டுக்கு பஸ் ஏறிப் போய் பாத்துட்டு கடைசி பஸ்ஸ விட்டமே, அதே படம். அவரு வளந்த ஊரு லெஸ்டராமா. 1954ல லீவுக்கு பிரான்சு போனப்ப புருசனும் பொண்டாட்டியும் ஒண்ணு ரெண்டா வாங்க ஆரம்பிச்சு நூத்துக்கு மேல சேந்துபோச்சு. 2004 சுனாமியில தாய்லாந்துல அவங்க மகளும் பேத்தியும் போயிட்டாங்க, அவங்க ஞாபகமா 2007ல இதையெல்லாம் கொண்டாந்து இந்த மியூசியத்துல வச்சிருக்காங்க. அதப் படிச்சதும் நாம அரிசி மூட்டையோட கடலூருக்கு லாரி ஏறினது ஞாபகம் வந்துருச்சு. கொஞ்ச நேரம் மேல பாக்க முடியல.

சரி விசயத்துக்கு வரேன். பிரான்சுல தெக்க, கடலுக்குப் பக்கத்துல வல்லோரிஸ்னு ஒரு ஊரு. காலங்காலமா சமையல் சட்டி பண்ற ஊரு. அலுமினியம் வந்துச்சு, சட்டி படுத்துருச்சு, சூளை ஒவ்வொண்ணா அணைஞ்சுட்டு இருந்துச்சு, உங்க வீட்டுக் கதையேதான்டா. 1946ல அங்க நடந்த ஒரு மண்பாண்ட கண்காட்சிய பாக்க பிக்காசோ சும்மா போறாரு. அங்க ராமியேன்னு ஒரு புருசன் பொண்டாட்டி மதூராங்கற பட்டறை நடத்திட்டு இருந்தாங்க (நான் மொதல்ல மதுரைன்னுதான் படிச்சேன்). அவங்க பட்டறையில மூணு சின்ன பொம்மைய புடிச்சு வச்சுட்டு வந்துட்டாரு. அடுத்த வருசம் போய் பாத்தா சூளையில வெந்து நல்லா வந்திருக்கு, அவ்வளவுதான், அங்கயே உக்காந்துட்டாரு. அப்ப அவருக்கு வயசு 65 தாண்டிருச்சு மாப்ள. உனக்கு 63 ஆகுது, இனி என்னத்தடாங்கற. (அந்தப் பட்டறையில வேலைக்கு இருந்த ஜாக்குலின 1961ல கல்யாணமும் பண்ணிக்கிட்டாரு, அப்ப 79 வயசு. அத மட்டும் நீ பின்பத்த வேண்டாம்.)

ஆனா சக்கரத்துல உக்காந்து வனைஞ்சது அவரு இல்ல. ஜூல் அகார்னு பட்டறையோட ஆளு ஒருத்தரு, அவருதான் வனைவாரு. ஈரம் காயறதுக்குள்ள பிக்காசோ அத எடுத்து கழுத்த நெரிச்சு, வயித்த அமுக்கி மடிச்சு, புறாவாவோ இடுப்பொடிச்சு நிக்கற பொம்பளையாவோ ஆக்கிருவாரு. கொஞ்சம் முந்துனா குழைஞ்சு உக்காந்துக்கும், பிந்துனா வெடிச்சுரும், இத நான் உனக்கு சொல்லணுமா. ஒரு பெரிய கூஜா முன்னாடி ரொம்ப நேரம் நின்னேன். வெளிய கருப்புல மூஞ்சி, அலட்சியமா நாலே இழுப்பு. எக்கி நின்னு வாய்க்குள்ள பாத்தா, உள்பக்கம் கழுத்துல வெரல் ஓடுன வரி வரியா இருக்குது, ஒண்ணுக்கு மேல ஒண்ணா, கீழ இருந்து மேல வரைக்கும். வெளிய அவரு, உள்ள அகாரு. உங்கய்யன் கள்ளெறக்கறவங்களுக்கு வனையற முட்டியில இதே வரிதான இருக்கும், நாம சின்ன வயசுல அதுக்குள்ள வெரல விட்டு கரகரன்னு ஓட்டுவோமே. காவலுக்கு நின்ன அம்மா என்னைய ஒரு மாதிரி பாத்துச்சு, வெலகிட்டேன். அகார்ங்கற பேர மருமகன் போன்ல தேடித்தான் சொன்னாரு.

எல்லாமே நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டேன், ஒரு பத்து தட்டு என்ற பேரன் கிறுக்குனதுதான். ஆனா மாட்டுச் சண்டை போட்ட நீளத் தட்டு ஒண்ணு இருக்குது பாரு, நடுவுல பள்ளமா இருக்கற எடம் மைதானம், அதுல மாடும் ஆளும், சுத்தியிருக்கற விளிம்பு பூரா கூட்டம். கூட்டம்னா தூரிகைய தொட்டு தொட்டு எடுத்த புள்ளி, அவ்வளவுதான், ரேக்ளா பாக்க வரப்புல நம்மாளுக நெருக்கிட்டு நிப்பாங்களே, தூரத்துல இருந்து தலை மட்டும் தெரியுமே, அதே மாதிரி. ஆந்தை ஒண்ணு, மாரியம்மன் கோயில் உருவாரத்தோட கொண்டு போய் வச்சா யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இவரு ஒண்ணு பண்ணுவாரு, அதப் பாத்து பட்டறை ஆளுக 25ல இருந்து 500 வரைக்கும் பண்ணி முத்திரை குத்தி விப்பாங்க. 1971 வரைக்கும் அப்படி 633 வகை வந்திருக்குது.

உனக்குப் புடிச்சது ஒண்ணு சொல்றேன். ஒரு நாள் மனுசன் மீன் சாப்பிட்டிருக்காரு, ஒரு துணுக்கு விடாம சப்பி முள்ள மட்டும் முழுசா எடுத்து, ஈர மண்ணுல வச்சு அமுக்கி தட்டுல ஒட்டிட்டாரு. போட்டோக்காரரு ஒருத்தரு சாப்பிடறதுல இருந்து எல்லாத்தையும் படம் புடிச்சு வச்சிருக்காரு.

அதனாலதான் சொல்றேன், அந்தச் சக்கரம் செவுத்துல தொங்கறதுக்கு பண்ணுனது இல்ல. உங்கய்யன் கோலக் குத்தி ரெண்டு சுத்து விட்டா ஒரு முட்டி வர்ற வரைக்கும் நிக்காம ஓடும், சத்தமே இருக்காது. நீ பத்தாவது லீவுல வனைஞ்ச மொத பானை கோணிட்டு நின்னுச்சு, அதுலதான் உங்கம்மா கோழிக்கு தண்ணி வச்சுது. அதோட வேலந்தாவளம் செக்போஸ்ட்ல லாரிக்கு பில் போட போயிட்ட. ஆறாயிரம் அவசரம்னா நான் தரேன், திருப்பித் தர வேண்டாம், சண்டைக்கு வராத.

ஞாயித்துக்கெழமை காலையில மொத பஸ்ஸுக்கு வரேன். பரண்ல இருந்து எறக்கி வை, தனியா தூக்காத, உன்ற பையன கூப்பிட்டுக்க, இடுப்பு போயிரும். களி மண்ணு நான் சாக்குல கொண்டாரேன், எங்க கெணத்து மேட்டுல நல்லதா கெடக்குது, கல்லு பொறுக்கறது உன்ற வேலை. தங்கச்சிய மீன் கொழம்பு வெக்கச் சொல்லு. முள்ள மட்டும் பூனைக்கு போட்டற வேண்டாம்.