மீனைத் தின்னாதே, மோரைக் குடி

குவைத்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள ரஹிமா,

திட்டாதே. நீ கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் வந்து, பாட்டிலும் காலியாகிவிட்டது. பதில்தான் போடவில்லை. இங்கே எல்லாரும் நலம். டூட்டி அதேதான், வெயில் அதைவிட மோசம். உம்மாவின் முட்டுவலி இப்போது தேவலையா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அரபி இலக்கண வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். சிரிக்காதே! இத்தனை வருஷம் அங்கே இருந்தும் உனக்கு அரபி தெரியாதா என்று கேட்பாய். வார்டு அரபி தெரியும்: எங்கே வலிக்கிறது, மருந்து சாப்பிட்டாயா, திரும்பிப் படு. அதற்கு இலக்கணம் எதற்கு? இது வேறு. எகிப்துக்காரம்மா ஒருவர் சாயங்காலம் நடத்துகிறார்.

எடுத்த எடுப்பில் நிகழ்கால வினை. தமிழில் ஆளைக் காட்ட வால் மட்டும் போதும்: எழுதுகிறேன், எழுதுகிறாய். அரபியில் தலையிலும் ஒட்டு, வாலிலும் ஒட்டு. அக்துபு என்றால் நான், நக்துபு நாங்கள், யக்துபு அவன். தக்துபு என்றால் அவள் எழுதுகிறாள், ஓர் ஆணைப் பார்த்து நீ எழுதுகிறாய் என்பதும் அதுவேதான். நம்மைப் போல ஒரு பெண்ணைப் பார்த்துச் சொன்னால் தக்துபீன. இரண்டு பேருக்குத் தனி, பெண்கள் கூட்டத்துக்குத் தனி. இதையெல்லாம் உருப்போட்டுவிடலாம். என்னைப் பிடித்து ஆட்டுவது கடைசி எழுத்துதான்.

யக்துபு, எழுதுகிறான். முன்னால் 'லன்' வந்தால் யக்துப: எழுதவே மாட்டான். 'லம்' வந்தால் யக்துப், கடைசி உயிர் காலி: எழுதவில்லை. உருவம் நிகழ்காலம், பொருளோ முடிந்துபோன கதை. ரஃப்உ, நஸ்பு, ஜஸ்மு என்று இந்த மூன்று நிலைக்கும் பெயர். பன்மையில் இன்னும் வேடிக்கை. யக்துபூன என்பதன் கடைசி 'ன' நஸ்பிலும் விழும், ஜஸ்மிலும் விழும், இரண்டுக்கும் யக்துபூதான். எழுதும்போது மட்டும் அந்த ஊகாரத்துக்கு எழுதும் 'வாவ்' எழுத்துக்குப் பின்னால் ஓர் 'அலிஃப்' எழுத்தைச் சும்மா நிறுத்துவார்கள், வாய் அதைக் கண்டுகொள்ளாது. பெண்கள் எழுதினால் யக்துப்ன. லன் வரட்டும், லம் வரட்டும், அது அசையாது. நம் மேட்ரன் அம்மாதான் நினைவுக்கு வந்தார்.

டீச்சர் லம்முக்கு உதாரணம் சொன்னார் பார், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'லம் யலித் வலம் யூலத்', அவன் பெறவுமில்லை, பெறப்படவுமில்லை என்ற குர்ஆன் வசனம். இது உன் குரலில்தானே எனக்குத் தெரியும்! ஹாஸ்டலில் விடியற்காலையில் நீ ஓத, நான் போர்வைக்குள்ளிருந்து முனகுவேனே. கடைசியில் வரும் 'தால்' எழுத்தை ஒரு தட்டுத் தட்டி நிறுத்துவாய். அது ஜஸ்முடி! யலிது என்பதன் கடைசி உகரத்தை லம் பறித்துக்கொண்டது. அடுத்த வசனத்தில் யகூனு இருக்க வேண்டிய இடம். லம் வந்ததும் உகரம் போகிறது, அது போனதும் நடுவிலிருக்கும் நெடிலும் நிற்க முடியாமல் யகுன் ஆகிவிடுகிறது. ஓதும்போது அந்த நூனையும் (ன்) அடுத்த லாமோடு (ல்) கரைத்து யகுல்லஹு என்கிறாய். நாலே வசனம் உள்ள சூராவில் மூன்று லம்! சின்ன வயதிலிருந்து பிசகாமல் சொல்லி வருகிறாய், இலக்கணம் தெரியாது என்று வேறு அலட்டிக்கொள்வாய்.

இன்னொன்று. குர்ஆனின் முதல் சூராவான ஃபாத்திஹாவில் நஃபுது என்று உகரத்தோடு சொல்லிவிட்டு நஸ்தயீன் என்று மெய்யில் நிறுத்துகிறாயே, அதுவும் ஜஸ்மா என்று டீச்சரைக் கேட்டேன். இல்லையாம். அது நஸ்தயீனுதான், வசனம் முடிகிற இடத்தில் நிறுத்துவதால் உகரம் கேட்பதில்லை. நிஜமாகவே ஜஸ்மு என்றால் 'யீ' குறுகி நஸ்தயின் ஆகியிருக்கும். அந்த ஒரு நெடில்தான் சாட்சி. இதைக் கேட்டுவிட்டு அன்று இரவு டூட்டி முழுக்க எனக்குள்ளே சிரித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது உம்மாவைக் கூப்பிடு. உங்கள் வீட்டில் மீன் சோறு தின்றுவிட்டு நான் மோரை எடுத்தபோது, 'தேமல் வரும்' என்று டம்ளரைப் பிடுங்கினார்களே. அரபி இலக்கணக்காரர்களுக்கும் அதே கவலை! பல நூறு ஆண்டுகளாக மாணவர்களுக்குச் சொல்லிவரும் வாக்கியம் இது: 'லா தஃகுலிஸ் ஸமக வதஷ்ரப்...' என்று போகும். தின்னாதே மீனை, அப்புறம் லபன் குடிப்பது. இந்தக் குடிப்பதில்தான் சங்கதி. தஷ்ரபு என்று முடித்தால், மீன் தின்னாதே, லபன் வேண்டுமானால் குடித்துக்கொள். தஷ்ரப என்றால், இரண்டையும் ஒன்றாகச் சேர்க்காதே, தனித்தனியே பரவாயில்லை. ஜஸ்மில் வைத்தால் அதுவும் கூடாது, இதுவும் கூடாது. அந்தத் தஷ்ரப்புக்கு அடுத்து 'அல்லபன்' வருவதால் இரண்டு மெய் முட்டிக்கொள்ளாமல் இடையில் ஓர் இகரம் நுழைந்து தஷ்ரபில் லபன் ஆகிறது. ஆக பு, ப, பி. உயிர் மாறினால் பத்தியம் மாறுகிறது. உம்மா சொன்னது சுத்தமான நஸ்பு என்று சொல். டீச்சருக்கு லபன் என்றால் பால், குவைத்தில் மோர். அதில் வகுப்பில் ஒரு சண்டை, அது போகட்டும்.

எரிச்சல் என்னவென்றால், இந்தப் பு, ப, பி எதையுமே எழுதமாட்டார்கள். குர்ஆனிலும் பாலபாடத்திலும் குறி இருக்கும். பேப்பரிலும் ஆஸ்பத்திரி நோட்டீஸிலும் மெய்யும் நெடிலும் மட்டும், மிச்சத்தை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். பேச்சிலும் உதவி கிடையாது. இந்த ஊர்க்காரர்கள் யக்திபூன் என்று நூனை எங்கேயும் விடுவதில்லை, எகிப்துக்காரர்கள் எங்கேயும் வைத்துக்கொள்வதில்லை. ஆனால் கெட்டிக்காரர்கள், வாலில் போனதைத் தலையில் சரிக்கட்டியிருக்கிறார்கள்: பியிக்திப் என்றால் எழுதுகிறான், லாஸிம் யிக்திப், எழுதியாக வேண்டும், அங்கே 'பி' இல்லை. டீச்சர் வீட்டுக்குப் போன் பேசும்போது நான் இந்தப் 'பி'யைத்தான் ஒட்டுக் கேட்கிறேன்.

கொஞ்சம் சீரியஸாக ஒன்று. நஸ்ரின் இங்கே வர ஆசைப்படுகிறாள், ஏஜெண்டு அவசரப்படுத்துகிறான் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. குவைத்தில் தனியார் வேலைக்கு ஒப்பந்தம் அரபியில்தான். கூடவே மொழிபெயர்ப்பு இருக்கலாம், ஆனால் தகராறு என்று வந்தால் அரபியில் இருப்பதுதான் செல்லும். எங்களோடு இருந்த ஒரு பெண்ணுக்கு வாயால் சொன்ன சம்பளம் ஒன்று, தாளில் இருந்தது வேறு. லம் யத்ஃபஃ, பணம் கொடுக்கவில்லை. லன் யத்ஃபஅ, கொடுக்கவே மாட்டான். தாளில் பார்த்தால் மீமுக்குப் (ம்) பதில் ஒரு நூன், அவ்வளவுதான் வித்தியாசம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தத் தாளைப் படம் பிடித்து எனக்கு அனுப்பச் சொல். எனக்குப் புரியாவிட்டால் டீச்சரிடம் காட்டுகிறேன். அதுவரை பொறுக்க முடியாது என்று ஏஜெண்டு சொன்னால் அந்த ஏஜெண்டே வேண்டாம். பிள்ளை ஓதப் படித்தவள், எழுத்து தெரியும். என்னைப் போல அலிஃப், பேயிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். வருவதற்குள் இலக்கணமும் கொஞ்சம் படித்துக்கொள்ளட்டும். ஊரில் ஆலிமாக்கள் இல்லாமலா போய்விட்டார்கள்?

அடுத்த வாரம் பரீட்சை. யத்ஊ, யர்மீ, யக்ஷா என்று கடைசி எழுத்தே நோஞ்சானாக இருக்கும் வினைகள் வருமாம், லம் வந்தால் அந்த நெடிலே கழன்றுவிடும். எனக்காக துஆ செய்.

அன்புடன்,
விமலா

பி.கு.: ராணி அக்காவின் நம்பர் மாறிவிட்டதா? போன் போகவே இல்லை. புது நம்பர் இருந்தால் நஸ்ரினிடம் சொல்லி வாட்ஸப்பில் அனுப்பு.