புக்கிட் பெராப்பிட்டைத் துளைத்த பிறகு

பட்டர்வொர்த்

அன்புள்ள மாரிமுத்து,

கடிதம் கிடைத்தது. எல்லாரும் சுகம். தீபாவளிக்குக் குடும்பத்தோடு வருவதாக எழுதியிருந்தாய், சந்தோஷம்.

கோலாலம்பூரில் ராத்திரி ஏறினால் பழைய ரயில் விடிய இறக்கிவிட்ட அதே வழியில் இ.டி.எஸ். மின்ரயில் நாலு மணிச் சொச்சத்தில் வருகிறதே, மின்சாரத்துக்கு அவ்வளவு வலுவா என்று கேட்டிருந்தாய். மின்சாரத்துக்கும் பங்கு உண்டு; பெரும்பங்கு பாதைக்குத்தான்.

பாடாங் ரெங்காஸ் தாண்டி புக்கிட் பெராப்பிட் மலை ஏறுவதை நினைத்துப் பார். பழைய ஒற்றைப் பாதை மலையோரமாய் வளைந்து வளைந்து போகும். வளைவில் வேகம் இரண்டு மடங்கானால் வெளிப்பக்கம் தள்ளும் விசை நாலு மடங்கு. ஈடுகட்ட வெளித் தண்டவாளத்தை உயர்த்தலாம், ஆனால் 1,000 மில்லிமீட்டரே அகலமான குறுகிய பாதையில் எவ்வளவுதான் உயர்த்துவது? 1971-இல் வந்த இங்கிலீஷ் எலெக்ட்ரிக் இஞ்சினானாலும் பிறகு வந்த ஜப்பான் இஞ்சினானாலும் அங்கே ஊர்ந்தே ஆகவேண்டும். இப்போது மலைக்குள்ளேயே 3.3 கிலோமீட்டர் சுரங்கம். அதோடு ஈப்போ முதல் தாய்லாந்து எல்லையிலுள்ள பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டரும் இரட்டைப் பாதை. எதிர்வண்டிக்காக நடுவழியில் காத்துக் கிடப்பதும் ஒழிந்தது. அதனால்தான் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம் சாத்தியமாகிறது.

வண்டியைப் பற்றி: 2010 ஆகஸ்டில் ஈப்போ வரை ஓடத் தொடங்கியவை ஹூண்டாய் ரோட்டம் செய்த 91-ஆம் வகுப்பு, ஆறு ஆறு பெட்டியாக 5 செட். 2015-இல் பாடாங் பெசார் வரை நீண்டபோது சீனாவின் 93-ஆம் வகுப்பு சேர்ந்தது. தனி இஞ்சின் கிடையாது, மோட்டார்கள் பெட்டிகளுக்கு அடியில். முன்பெல்லாம் இங்கே வந்ததும் இஞ்சினைக் கழற்றி, பக்கத்துத் தண்டவாளத்தில் சுற்றிக் கொண்டுபோய் மறுமுனையில் மாட்டி, கடைசிப் பெட்டி வரை பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். விளக்குக்கும் ஏர்கோனுக்கும் ஒரு ஜெனரேட்டர் பெட்டி வேறு. இப்போது ஓட்டுநர் பையை எடுத்துக்கொண்டு அந்த முனைக்கு நடந்தால் போதும்.

வழியில் ஏர்கோன் சட்டென்று அடங்கி மறுபடி உறுமும், பயப்படாதே. மேல்கம்பியில் 25,000 வோல்ட். அடுத்தடுத்த துணைமின் நிலையங்கள் வேறு வேறு பேஸில், அதாவது மின்னலை ஏறி இறங்கும் நேரம் வேறுபட, ஊட்டுவதால் இரண்டும் தொட்டுக்கொள்ளக் கூடாது. நடுவே கொஞ்ச தூரம் மின்சாரமில்லாத கம்பி விட்டிருப்பார்கள். அங்கே மின்சாரத்தைத் துண்டித்து, வந்த வேகத்திலேயே உருண்டு கடக்கிறது வண்டி. அதன் அடியிலேயே நின்றுவிட்டால்தான் தலைவலி.

டிக்கெட் எடுக்கும்போது கவனம். பாடாங் பெசார் வண்டி புக்கிட் மெர்தாஜாமிலிருந்து நேரே வடக்கே போய்விடும், பட்டர்வொர்த்துக்குள் வராது. தவறி எடுத்துவிட்டால் புக்கிட் மெர்தாஜாமில் இறங்கி கொமியூட்டர் என்ற உள்ளூர் ரயிலைப் பிடி. இருக்கைகளைத் திருப்ப முடியாது. பெட்டியில் பாதி முன்னோக்கியும் பாதி பின்னோக்கியும் இருக்கும். இத்தனை செலவு செய்தவர்கள் இதில் கஞ்சத்தனம் காட்டியிருக்க வேண்டாம். தங்கச்சிக்குத் தலைசுற்றல் உண்டே, பார்த்து எடு.

ஸ்டேஷனிலிருந்து பினாங்கு சென்ட்ரல் பேருந்து நிலையம் வழியாக நடந்தே தீவுக்குப் போகும் பெர்ரிக்குப் போகலாம். எந்த வண்டி என்று எழுது.

அன்புடன்,
சிவம்