பந்தி விசாரிக்கிறவனுக்கும் ஓர் இலை

மாட்டுங்கா, மும்பை

நம் சங்கத்தின் கூடைப்பந்துப் போட்டிக் குழுவினருக்கு வணக்கம்.

சென்ற ஆண்டு நீங்கள் வெளியிட்ட போட்டி மலரின் பதினான்காம் பக்கத்தைப் பற்றி எழுதுகிறேன். மேல் பாதியில் ஓர் ஊறுகாய் விளம்பரம். கீழ்ப் பாதியில் ‘தொழில்முறைக் கூடைப்பந்தின் தலைசிறந்த பத்து பாயிண்ட் கார்டுகள்’ என்று ஒரு பட்டியல். பந்தைக் கொண்டுவந்து, தோழர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, ஆட்டத்தை நடத்துகிறவர்தான் பாயிண்ட் கார்டு. ஊறுகாயைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

இதை நேரிலேயே இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். செயலாளர் தம்பி, “அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்” என்று தலையாட்டி, காபி வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டுப் போய்விட்டார். இரண்டு முறையும் காபி நன்றாக இருந்தது. பட்டியலோ ஓர் எழுத்து மாறாமல் இந்த ஆண்டு மலருக்கும் போகிறதாம். அதனால்தான் உறுப்பினர்கள் எல்லோர் கண்ணிலும் படும்படி இந்த மடல்.

கல்லூரிக் காலத்தில் நானும் பாயிண்ட் கார்டாக ஆடியவள்தான். முழங்கால் போன பிறகு, இருபத்திரண்டு ஆண்டுகளாக நம் போட்டியில் ஸ்கோர் மேசையில் உட்காருகிறேன். எங்கள் மேசைக்கு வரும் சர்வதேசக் கூட்டமைப்பின் ஸ்கோர் தாளை உங்களில் எத்தனை பேர் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்கள்? முதல், மூன்றாம் கால் பகுதிகளுக்குச் சிவப்பு மை, மற்ற இரண்டுக்கும் நீலம் அல்லது கருப்பு. இரண்டு புள்ளிக் கூடை விழுந்தால் அணியின் மொத்தப் புள்ளி எண்ணின் மேல் சாய்வாக ஒரு கோடு, பக்கத்தில் போட்டவரின் சட்டை எண். மூன்று புள்ளி என்றால் அந்தச் சட்டை எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். தவறுக்கு ஈடாகக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவுக்கு மை நிரப்பிய ஒரு பொட்டு. தவறுகளுக்குக் கட்டம் உண்டு, டைம் அவுட்டுக்குக் கட்டம் உண்டு. பந்தைக் கொடுத்தவருக்கு மட்டும் ஒரு கட்டம்கூட இல்லை. அதற்காகத்தான் நான் பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டு, பாஸ் கூடையாக முடியும்போதெல்லாம் கொடுத்தவர் பெயருக்கு நேரே பென்சிலால் கோடு போட்டு வருகிறேன். “அக்கா மளிகைக் கணக்கு எழுதுகிறார்” என்று பொருளாளர் அண்ணா கேலி செய்வாரே, அந்த நோட்டுதான்.

இனி பட்டியலுக்கு வருகிறேன். அடியில் பொடி எழுத்தில் ‘சாம்பியன் பட்டங்கள், புள்ளிகள், விருதுகள் அடிப்படையில்’ என்று போட்டிருக்கிறீர்கள். பட்டங்களைத்தான் எண்ணுவது என்றால் நேர்மையாக எண்ணியிருக்க வேண்டாமா? அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வில், பாஸ்டன் அணியின் கே.சி. ஜோன்ஸிடம் எட்டு பட்டங்கள். அதே அணியின் பாப் கூஸியிடம் ஆறு. இருவரும் உங்கள் பத்தில் இல்லை. மேஜிக் ஜான்சனுக்கு ஐந்து, டெரெக் ஃபிஷருக்கும் அதே ஐந்து. 2004-இல் சான் அன்டோனியோவுக்கு எதிராக 0.4 நொடி மிச்சமிருக்கையில் பந்தைப் பிடித்துத் திரும்பி எறிந்து வென்றாரே, அதே ஃபிஷர்தான். நல்ல ஆட்டக்காரர். ஆனால் அவரை மேஜிக்கோடு ஒரே தட்டில் வைத்தால் அவரே சிரித்துவிடுவார். ஜான் ஸ்டாக்டன், ஸ்டீவ் நாஷ், கிறிஸ் பால் மூவருக்கும் பட்டம் சுழி. இந்த அளவுகோலால் அளந்தால் மூவரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

புள்ளிகள் கதையும் இதேதான். ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கை இரண்டாம் இடத்தில் வைத்திருக்கிறீர்கள். 2016-17 பருவத்தில் சராசரியாக 31.6 புள்ளிகள், 10.7 ரீபவுண்டுகள் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 10.4 அசிஸ்டுகள் (தோழரின் கூடையாக முடியும் பாஸ்கள்) எடுத்து, மிக மதிப்புமிக்க வீரர் விருதையும் வாங்கினார். அசுர உழைப்பு, மறுக்கவில்லை. ஆனால் கல்யாண வீட்டில் ஒரே ஆள் சமைத்து, பரிமாறி, பாதிப் பந்தியில் தானும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்தால் அவரை ‘கெட்டிக்காரர்’ என்போம், ‘பந்தி விசாரித்தவர்’ என்போமா?

பந்தி விசாரிக்கிறவர் வேறு ஜாதி ஆள். அவர் கையில் கரண்டி இருக்காது. மூன்றாம் இலையில் ரசம் இல்லை, கடைசி இலைக்காரர் சர்க்கரை நோயாளி, மூலையில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையின் மாமா கோபமாக இருக்கிறார் என்று எல்லாம் தெரிந்துவைத்து, கண்ணாலேயே வாளியை நகர்த்துவார். கடைசியில், மிஞ்சியதைச் சாப்பிடுவார். பாயிண்ட் கார்டு என்பவர் அவர்தான். அவரை அவர் இலையை வைத்தா அளப்பது? மற்ற நான்கு இலைகளைப் பார்க்க வேண்டும்.

ஸ்டாக்டனைப் பத்தாவதாகப் போட்டதுதான் என்னை எழுத வைத்தது. பத்தொன்பது பருவங்கள், ஒரே அணி, யூட்டா. 1,504 ஆட்டங்கள் ஆடினார், தவறவிட்டவை வெறும் 22. அசிஸ்டுகள் 15,806. இரண்டாம் இடத்தில் இருக்கும் கிறிஸ் பால் 3,000-க்கும் மேல் பின்னால் நிற்கிறார். எதிராளியிடமிருந்து பந்தைப் பறித்தது 3,265 முறை, அதிலும் அவர்தான் முதலிடம். 1990-91 என்ற ஒரே பருவத்தில் மட்டும் 1,164 அசிஸ்டுகள். இவ்வளவையும் பெரும்பாலும் ஒரே ஓர் ஆட்ட முறையால் சாதித்தார்: அணித் தோழர் கார்ல் மலோன் வந்து தடுப்பாளரை மறித்து நிற்பார், ஸ்டாக்டன் அவர் தோளை உரசிக்கொண்டு போவார், மலோன் கூடையை நோக்கித் திரும்புவார், பந்து அவர் கைக்கு முன்னால் போய்க் காத்திருக்கும். எதிரணிக்கு, பார்வையாளர்களுக்கு, பாப்கார்ன் விற்கிறவருக்கு என எல்லோருக்கும் அடுத்து என்ன என்று தெரியும். தடுக்க முடியவில்லை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக ஆட வந்திருந்தபோது தன் குடும்பத்தோடு கையில் கேமராவை வைத்துக்கொண்டு தெருவில் உலவினார், அமெரிக்க அணியின் ரசிகர்களிடமே பேச்சுக் கொடுத்தார், அவர்களுக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. என் நோட்டுக்கு முகம் ஒன்று வரையச் சொன்னால் அவர் முகத்தைத்தான் வரைவேன்.

ஆனாலும் அவருக்கு நான் முதலிடம் தரப்போவதில்லை. அது மேஜிக்குக்கு. காரணம் எளிது. ஆறடி ஒன்பது அங்குல ஆள் பந்தைத் தட்டிக்கொண்டு வந்தால் முன்னால் நிற்பவரின் தலைக்கு மேல் ஆடுகளம் முழுவதும் தெரியும். தன் கூடையடியில் தானே ரீபவுண்டைப் பிடித்து, வேறு யாருக்கும் கொடுக்கக் காத்திராமல், அங்கிருந்தே ஓட்டத்தைத் தொடங்கிவிடுவார். அவர் நடுக்கோட்டைத் தாண்டும்போது மற்ற நால்வரும் ஏற்கெனவே இலையில் உட்கார்ந்திருப்பார்கள். ஆட்டத்துக்கு 11.2 அசிஸ்டுகள் என்ற அவர் வாழ்நாள் சராசரியை இதுவரை யாரும் எட்டவில்லை. 1980 இறுதித் தொடரின் ஆறாம் ஆட்டத்தில் அவர் அணியின் நெடிய சென்டர் கரீம் அப்துல் ஜப்பார் காயத்தால் வரவில்லை. முதல் பருவமே ஆடிக்கொண்டிருந்த இருபது வயதுப் பையன் அவர் இடத்தில் போய் நின்று 42 புள்ளிகள், 15 ரீபவுண்டுகள், 7 அசிஸ்டுகள் எடுத்துப் பட்டத்தை வாங்கித் தந்தான். சமையற்காரர் வராத நாளில் சமைக்கவும் தெரிந்தவர் என்று அதை எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது ஸ்டீபன் கரி. உண்மையைச் சொல்கிறேன், அவரைக் கீழே இறக்கிவிட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் எழுதவே உட்கார்ந்தேன். புள்ளி போடுகிற ஆளைப் பாயிண்ட் கார்டு பட்டியலின் உச்சியில் வைக்கலாமா என்ற கோபம். 2015-16 பருவத்தில் மட்டும் 402 மூன்று புள்ளிக் கூடைகள் போட்டவர். பிறகு ஒரு வாரம் இரவு முழுவதும் பழைய ஆட்டங்களைப் பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பார்த்தேன். பந்து கையில் இல்லாதபோது அவர் நிற்பதே இல்லை. ஓடுகிறார், அவரோடு இரண்டு பேர் ஓடுகிறார்கள். அவரை மறிக்க இருவர் முப்பது அடி தூரம் வந்துவிட்டால், அவர் அணித் தோழர் டிரேமண்ட் கிரீனுக்கு முன்னால் மூன்றே பேர்தான் மிச்சம். அவர் கொடுக்கிறார், இன்னொருவர் யாருமில்லாத கூடையில் போடுகிறார். ஸ்கோர் தாளில் கூடை போட்டவரின் எண். என் நோட்டில் கிரீனுக்கு ஒரு கோடு. கதவைத் திறந்துவிட்ட கரிக்கு இரண்டிலும் ஒன்றும் இல்லை. தாளை இத்தனை நேரம் குறை சொன்னேனே, என் நோட்டுக்கும் அதே ஓட்டை இருக்கிறது. ஆகவே அவர் இரண்டாவது. நீங்கள் முதலில் வைத்ததும் நான் இரண்டாவதாக வைப்பதும் அதிக வித்தியாசமில்லை என்று செயலாளர் தம்பி சிரிப்பார். சிரிக்கட்டும்.

மூன்றாவது ஆஸ்கர் ராபர்ட்சன். 1961-62-இல் சராசரியாக 30.8 புள்ளிகள், 12.5 ரீபவுண்டுகள், 11.4 அசிஸ்டுகள். அந்தக் காலத்து ஆட்டம் வேகமானது, எறிவதற்கு வாய்ப்புகள் அதிகம் என்பார்கள், சரிதான். ஆனால் 1970-இல் வீரர் சங்கத் தலைவராக அவர் தொடுத்த வழக்கு 1976-இல் முடிந்த பிறகுதான் ஆட்டக்காரர்கள் தங்கள் அணியைத் தாங்களே தேர்ந்துகொள்ளும் வழி திறந்தது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர் கூஸி. பிறகு அதற்குத் தலைமை தாங்கியவர்களில் ராபர்ட்சன், ஐசையா தாமஸ், ஃபிஷர், கிறிஸ் பால் என்று வரிசையாகப் பாயிண்ட் கார்டுகள். பரேலில் மில் தொழிலாளியின் மகளாக வளர்ந்தவளுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. எங்கள் சாலில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், தண்ணீர்க் குழாய் வரிசை முதல் போனஸ் பேச்சுவார்த்தை வரை முன்னால் நின்றவர்கள் எல்லோரும் யாருக்கு என்ன தேவை என்று தெரிந்த இப்படிப்பட்ட ஆட்கள்தாம்.

நான்காவது ஸ்டாக்டன், ஐந்தாவது தாமஸ். 1988 இறுதித் தொடரில் கணுக்கால் பிசகிய பிறகும் ஒரே கால் பகுதியில் 25 புள்ளிகள் எடுத்த பிடிவாதக்காரர். அந்தப் பட்டம் கைநழுவினாலும் அடுத்த இரண்டு ஆண்டுகளும் டெட்ராய்ட்தான் வென்றது. அதன் பிறகு நாஷ், பால், கூஸி, ஜேசன் கிட், வால்ட் ஃப்ரேஸியர். இவர்களை எந்த வரிசையில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், சண்டைக்கு வர மாட்டேன்.

பத்து முடிந்துவிட்டது. பதினோராவதாக ஒரு கேள்வி. ‘தொழில்முறைக் கூடைப்பந்து’ என்றுதானே தலைப்பு? பெண்கள் ஆடுவது தொழில் இல்லையா? சியாட்டில் அணிக்காகவே கடைசிவரை ஆடிய சூ பேர்டு 3,234 அசிஸ்டுகள் எடுத்தார். 2004, 2010, 2018, 2020 என்று நான்கு பட்டங்கள், ஒலிம்பிக்கில் ஐந்து தங்கங்கள். உங்கள் பொடி எழுத்து விதிப்படியே பார்த்தாலும் அவர் உள்ளே வந்திருக்க வேண்டும். என் பட்டியலில் அவர் ஸ்டாக்டனுக்குப் பக்கத்தில் உட்காருகிறார், தாமஸ் ஓர் இடம் நகர்ந்துகொள்ளட்டும். பாலும் நாஷும் கொஞ்சம் நெருக்கி உட்கார வேண்டியிருக்கும். தாதர் மின்சார ரயிலில் மூவர் இருக்கையில் நான்காவது ஆளுக்கு இடம் தருவதைப் போல.

ஒரு மலரில் வரும் பட்டியலுக்கு இவ்வளவு நீளமா என்று கேட்பீர்கள். பட்டியலோடு நின்றிருந்தால் நானும் காபியைக் குடித்துவிட்டு வந்திருப்பேன். அதே கண்ணால்தான் நீங்கள் பரிசும் கொடுக்கிறீர்கள்.

சென்ற மே மாத இறுதி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். எதிரில் நாக்பாடாவிலிருந்து வந்த அணி. மும்பையில் கூடைப்பந்து என்றால் முதலில் வாயில் வரும் பேட்டை அது. நம் பக்கம் ஏழாம் எண் சட்டை போட்ட தாராவிப் பையன், தொண்ணூறடிச் சாலைக்காரன். ஸ்கோர் தாளில் அவன் எடுத்தவை ஆறு புள்ளிகள். என் நோட்டில் பதின்மூன்று கோடுகள். கடைசி நிமிடத்தில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். அவன் பந்தோடு வலப்பக்கம் போனான். இடது மூலையில் நின்ற தோழனைத் தலையை முழுக்கத் திருப்பிப் பார்த்தான். கூடையடியில் நின்ற உயரமான தடுப்பாளர் அந்தப் பார்வையை நம்பி ஒரே ஓர் அடி மூலைப் பக்கம் வைத்தார். பந்து அவர் விட்ட இடத்தின் வழியாகத் தரையில் தட்டி உள்ளே போனது. கூடை போட்டவன் வேறொருவன். வென்றோம். என் பென்சில் முனை உடைந்துவிட்டது.

சிறந்த ஆட்டக்காரர் கோப்பை 31 புள்ளிகள் எடுத்தவனுக்குப் போனது. நல்ல பையன், நன்றாக எறிகிறான். ஆனால் அந்தப் பதின்மூன்றில் ஒன்பது பாஸ்கள் அவன் கைக்குத்தான் போயின. மேடையிலிருந்து இறங்கியதும் அவன் என்ன செய்தான் என்று நீங்கள் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள், மாலையைக் கழற்றிச் சிறப்பு விருந்தினரை வழியனுப்பப் போய்விட்டீர்கள். நேரே ஏழாம் எண்ணிடம் போய்க் கோப்பையை அவன் கையில் திணித்துவிட்டு, படம் எடுக்கச் சொன்னான்.

2019 அக்டோபரில் வொர்லி டோமில் சேக்ரமெண்டோவும் இந்தியானாவும் ஆடியபோது என் அண்ணன் மகனோடு போயிருந்தேன். என்.பி.ஏ. அணிகள் இந்தியாவில் மோதியது அதுதான் முதல் முறை. மேல் வரிசையிலிருந்து பார்த்தாலும் ஒன்று தெளிவாகத் தெரிந்தது: பந்தைக் கொண்டுவருகிறவர் நடுக்கோட்டைத் தாண்டுவதற்குள் ஒரு கையால் ஏதோ காட்டுகிறார், நான்கு பேரும் இடம் மாறுகிறார்கள். “அத்தை, அவர் ஏன் எறியவே மாட்டேன் என்கிறார்?” என்று அவன் கேட்டான். நம் குழுவில் சேர எல்லாத் தகுதியும் அப்போதே அவனுக்கு இருந்தது. இப்போது அவனும் பாயிண்ட் கார்டாக ஆடுகிறான், கேட்பதில்லை.

நான் கேட்பவை இரண்டு. பதினான்காம் பக்கத்தைத் திருத்துங்கள், இல்லையென்றால் முழுப் பக்கத்தையும் ஊறுகாய்க்கே கொடுத்துவிடுங்கள். இந்த ஆண்டு முதல் அதிக அசிஸ்டுகளுக்கு ஒரு கோப்பை வையுங்கள். செலவு பற்றிப் பொருளாளர் அண்ணா கவலைப்பட வேண்டாம், முதல் மூன்று ஆண்டுகளுக்கு நான் தருகிறேன். கணக்குக்கு என் நோட்டு இருக்கிறது. ஒருத்தி கண்ணை நம்ப முடியாது என்று நினைத்தால் மேசையில் இன்னொருவரை உட்கார வைத்து, இருவர் கணக்கையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். பாஸ் வாங்கியவர் இரண்டு முறை தட்டிவிட்டு எறிந்தால் அது அசிஸ்டா இல்லையா என்று நாங்கள் அடித்துக்கொள்வோம், அதை எங்களிடம் விட்டுவிடுங்கள்.

குலுக்கல் நடக்கும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு வந்துவிடுவேன். பதில் அதற்குள் கிடைத்தால் கோப்பையில் எழுத்துப் பொறிக்கக் கொடுக்க நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
ஸ்கோர் மேசையில் உட்காருகிறவள்